பாப்பாவுக்கு முதல் உணவு: கஞ்சி கெட்டியாக இருக்கட்டும்

மண், விதை, பூச்சிவிரட்டி, விலை என்று நாம் நிறையப் பேசுகிறோம். விளைந்ததை நம்ம வீட்டிலேயே இருக்கிற மிகச் சின்ன வயிற்றுக்கு எப்படிக் கொடுப்பது என்று பேசுவது குறைவு. பென்னாகரம் பக்கம் எங்கள் குழுவின் பெண்கள் கூட்டத்தில் இதைத்தான் இப்போது பாடமாக நடத்திக்கொண்டிருக்கிறோம். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடி அம்மாவும் சொன்னதைக் கேட்டு, நம்ம காட்டில் விளைகிறதை வைத்துச் செய்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் ஒரு குடும்பம். பன்னிரண்டு வருஷமாக ரசாயனம் தொடாத நிலம். கேழ்வரகு, சாமை, துவரை, நிலக்கடலை எல்லாம் உண்டு. நாட்டுமாடு இரண்டு. அந்த வீட்டு மருமகளுக்குப் பெண் குழந்தை. ஒன்பதாவது மாசத்தில் அங்கன்வாடியில் எடை போட்டபோது 6 கிலோ 300 கிராம்தான் இருந்தது. அந்த வயசுப் பெண் குழந்தை எட்டு கிலோவை ஒட்டி இருக்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.4. குறைந்தது 11 இருக்கணும்.

"ஊரிலேயே நல்ல சாப்பாடு எங்க வீட்லதான் பெரியம்மா. மருந்து தெளிச்ச ஒரு மணி அரிசிகூட பாப்பா வாயில படல. அப்புறம் ஏன் ஏற மாட்டேங்குது?" என்று அந்தப் பெண் அழுதாள்.

நான் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி. "என்னென்ன குடுக்கற, எவ்வளவு குடுக்கற, எப்படி இருக்கும் அது?"

கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டி, பாலெடுத்துக் காய்ச்சின கஞ்சி. ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒரு கரண்டி அளவு. குடிக்கிற மாதிரி நீர்க்க இருக்கும். ஒரு நாளைக்கு மூணு தடவை. நடுவில் தாத்தா டீயில் ரஸ்க்கைத் தொட்டு வாயில் வைப்பார். மற்ற நேரம் தாய்ப்பால்.

இதில் நஞ்சு ஒன்றும் இல்லை. ஆனால் சத்தும் கொஞ்சம்தான். நம்ம இயக்கத்து ஆட்கள் மனசில் வைக்கவேண்டியது இதுதான். நஞ்சில்லாத தானியத்தில் காய்ச்சினாலும் நீர்த்த கஞ்சி நீர்த்த கஞ்சிதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

குழந்தையின் இரைப்பை ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லி பிடிக்கும். ஏழு கிலோ குழந்தை என்றால் ஒரு வேளைக்கு 200 மில்லி. ஒரு டம்ளர்தான். அதற்கு மேல் ஊட்டினால் கக்கிவிடும்.

ஆறு மாசம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பால் போக, வெளி உணவிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒன்பதாவது மாசத்தில் 300. ஒரு வயசுக்கு மேல் 550.

பத்து கிராம் கேழ்வரகு மாவில் 33 கலோரி அளவுக்கு இருக்கும். அதை ஒரு டம்ளர் தண்ணியில் கரைத்துக் காய்ச்சினால், வயிறு நிறைய ஒரு டம்ளர் குடித்தும் உள்ளே போவது 33 கலோரி. மூணு வேளைக்கு நூறு. ஒன்பது மாசக் குழந்தைக்கு வேண்டிய 300க்கு ஒன்பது டம்ளர் குடிக்கணும். குடிக்க முடியுமா? மூணு டம்ளர் குடித்ததிலேயே வயிறு நிறைந்து தாய்ப்பாலையும் குறைத்துவிடுகிறது. இருந்ததும் போச்சு.

இதையே 30 கிராம் மாவு, 150 மில்லி தண்ணி, இறக்கியபின் ஒரு டீஸ்பூன் செக்கு எண்ணெய் அல்லது நெய் என்று மாற்றினால் ஒரு வேளைக்கு 145 கலோரி ஆகிவிடும். எண்ணெய் ஒரு டீஸ்பூனே 45 கலோரி தருகிறது. "பிள்ளைக்கு எண்ணெய் குடுக்கலாமா, சளி பிடிக்காதா?" என்று மாமியார்கள் கேட்பார்கள். கொடுக்கணும். கீரையிலும் பரங்கியிலும் இருக்கிற வைட்டமின் ஏ உடம்பில் சேரவும் கொழுப்பு வேண்டும்.

கெட்டி சரியா என்று பார்க்கச் செவிலியர் ஒரு சின்ன சோதனை சொல்லிக்கொடுத்தார். கஞ்சியை ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகக் கூடாது. திட்டுத்திட்டாகக் கீழே விழணும். டம்ளரில் குடிக்கிற மாதிரி இருந்தால் அது தண்ணி. பால்புட்டியில் போட்டு உறிஞ்சுகிற மாதிரி இருந்தால் இன்னும் மோசம். புட்டியே வேண்டாம், கழுவித் தீராது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 30 கிராம் மாவை 150 மில்லியில் காய்ச்சினால் களி மாதிரி இறுகிவிடும். ஆறு மாசக் குழந்தை அதை விழுங்காது. அதனால்தான் அம்மாக்கள் தண்ணி ஊற்றி ஊற்றி நீர்க்க வைக்கிறார்கள். இந்தச் சிக்கலுக்கு விடை நம்ம பாட்டிகளிடமே இருந்தது. முளைகட்டுவது.

முளைகட்டினால் என்ன நடக்கிறது

விதை முளைக்கும்போது தனக்குள் இருக்கிற மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டி முளைக்குச் சாப்பாடு போடுகிறது. அந்த வெட்டுக்கத்திதான் அமைலேஸ் என்கிற நொதி. முளைகட்டிய மாவில் காய்ச்சினால் கஞ்சி இறுகுவதற்குள் அந்த நொதி மாவுச்சத்துச் சங்கிலியை அறுத்துவிடும். அதனால் அதே அளவு மாவு, அதே தண்ணி, ஆனால் குழந்தை விழுங்குகிற அளவுக்கு இளக்கமாக இருக்கும். சர்க்கரை போடாமலே இனிப்பும் தட்டும். இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும் பைட்டிக் அமிலமும் குறையும்.

மைசூரில் இருக்கிற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் முளைகட்டிய கேழ்வரகும் பாசிப்பயறும் சேர்த்துக் குழந்தை உணவு செய்து 1980களிலேயே ஆராய்ச்சி வெளியிட்டிருக்கிறது. அதே காலத்தில் பரோடாவில் பேராசிரியர் தாரா கோபால்தாஸ் இன்னொரு வழி காட்டினார். எல்லா மாவையும் முளைகட்ட வேண்டாம், கெட்டியாகக் காய்ச்சின சாதாரணக் கஞ்சியில் முளைமாவு ஒரு சிட்டிகை போட்டாலே இளகிவிடும். கூட்டத்தில் நான் இதைச் செய்துகாட்டுவேன். கட்டியான கஞ்சியில் அரை டீஸ்பூன் முளைமாவு போட்டுக் கிளறினால் கண்ணெதிரே இளகும். "மாயமா இருக்கே!" என்பார்கள்.

செய்கிற விதம். ஒரு கிலோ கேழ்வரகைப் புடைத்து, கல் மண் போக அரித்து, நாலைந்து தண்ணி விட்டுக் கழுவுங்கள். கேழ்வரகில் மண் அதிகம் ஒட்டும், கழுவுற தண்ணி தெளியும்வரை விடாதீர்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும், நடுவில் ஒருதடவை தண்ணி மாற்றினால் புளிப்பு வாடை வராது. காலையில் வடித்து, துவைத்துக் காயவைத்த வெள்ளை வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணி தெளித்துக்கொண்டே இருந்தால் வெயில் காலத்தில் ஒரு நாளில், மார்கழிக் குளிரில் இரண்டு நாளில் முளை வரும். முளை அரிசியளவு நீளம் போதும். நீளமாக வளரவிட்டால் சத்து முளைக்கே போய்விடும். கெட்ட வாடை வந்தாலோ, பஞ்சு மாதிரி பூத்திருந்தாலோ யோசிக்க வேண்டாம், மொத்தத்தையும் எருக்குழியில் போட்டுவிடுங்கள். கோழிக்கும் போடாதீர்கள்.

பிறகு கட்டிலில் துணி விரித்து மெல்லிசாகப் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, உள்ளங்கையில் தேய்த்து, உதிர்கிற முளையைப் புடைத்துவிடுங்கள்.

அடுத்துச் செய்கிறதில்தான் பலபேர் கோட்டைவிடுகிறார்கள். வாசனை வரணும் என்று வாணலியில் போட்டுக் கருக வறுப்பார்கள். அவ்வளவு சூட்டில் நொதி செத்துப்போகும். அதன்பிறகு அது முளைகட்டாத மாவு மாதிரியே இறுகும். வாணலி சூடு, கையை வைத்துத் துழாவ முடிகிற அளவுக்குத்தான் இருக்கணும். லேசான வாசம் வந்ததும் இறக்கிவிடுங்கள். நல்ல வெயில் இருந்தால் வறுக்கவே வேண்டாம். கடையில் விற்கிற முளைமாவு பொன்னிறமாக, கமகமவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

பாசிப்பயறையும் இதேபோல முளைகட்டிக் காயவைத்துத் தோல் போகத் தேய்த்துக்கொள்ளலாம். ஏழு பங்கு கேழ்வரகுக்கு மூணு பங்கு பயறு. சேர்த்து அரைத்து, முதல் இரண்டு மாசத்துக்கு மெல்லிய சல்லடையில் சலித்து, எட்டு மாசத்துக்கு மேல் சலிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்து, நூறு கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. அதில் நிறைய, மேல்தோலில்தான். பாலெடுத்து வடிகட்டினால் அது துணியோடு போய் மாட்டுத் தொட்டியில் விழுகிறது. மாடு கொழுக்கும், பிள்ளை இளைக்கும். மாவை ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவில் வைத்து ஒரு மாசத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

காய்ச்சும்போது மாவைப் பச்சைத் தண்ணியில் கரைத்து, சின்னத் தீயில் மெதுவாகச் சூடேற்றணும். கொதிக்கிற தண்ணியில் மாவைக் கொட்டினால் நொதிக்கு வேலை செய்ய நேரம் இருக்காது. முதலில் கெட்டியாகி, பிறகு இளகுவதைப் பார்க்கலாம். இளகினபின் ஐந்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். அந்தக் கொதி கிருமிக்காக.

இருபது முப்பது தானியம் போட்ட சத்துமாவு நம்ம குழுக்களிலேயே விற்கிறோம். பெரியவர்களுக்குச் சரி. முதல் உணவுக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம். பிள்ளைக்குத் தடிப்போ வயிற்றுப்போக்கோ வந்தால் இருபத்தெட்டில் எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒரு புதுப் பொருள், இரண்டு மூணு நாள் கவனிப்பு, பிறகு அடுத்தது.

இரும்புச்சத்து எங்கிருந்து வரும்

2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் ஆறு மாசம் முதல் ஐந்து வயசுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 67 பேருக்கு ரத்தசோகை. ஆறு முதல் இருபத்து மூணு மாசக் குழந்தைகளில் போதுமான உணவு கிடைப்பது 100க்கு 11 பேருக்குத்தான்.

தாய் வயிற்றில் இருக்கும்போதே குழந்தை இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு ஆறு மாசம் ஓடும். எடை குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு அதற்கும் முன்பே தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் கொஞ்சம். அதனால்தான் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், ஆறு முடிந்ததும் தள்ளிப்போடாமல் வெளி உணவு, கூடவே இரண்டு வயசுக்கு மேலும் தாய்ப்பால் என்கிறார்கள். "கோயில்ல சோறு ஊட்டற வரைக்கும் குடுக்கக் கூடாது" என்று எட்டு மாசம் வரை காத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வேண்டுதல் இருந்தால் ஆறு முடிந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

கீரையிலும் கேழ்வரகிலும் பயறிலும் இருக்கிற இரும்பு உடம்பில் சேருவது கொஞ்சம்தான். புளிப்பு சேர்த்தால் கூடுதலாகச் சேரும். பயறும் முருங்கைக்கீரையும் போட்டு மசித்த சோற்றில் எலுமிச்சை நாலு சொட்டு, இல்லையென்றால் நாட்டுத் தக்காளி ஒன்று. சாப்பிட்டபின் பழுத்த கொய்யாவைக் கொட்டை எடுத்து மசித்துக் கொடுக்கலாம். டீ இதற்கு நேர்மாறு. இருக்கிற இரும்பையும் சேரவிடாது. அந்தத் தாத்தாவிடம் டீயை நிறுத்தச் சொல்வதுதான் பெரும்பாடாகப் போயிற்று. கடைசியில் பேத்திக்கு வாழைப்பழம் மசித்து ஊட்டுகிற வேலையை அவருக்கே கொடுத்தோம்.

அசைவம் சாப்பிடுகிற வீட்டில் வாரம் ஒருநாள் கோழி ஈரல் கட்டைவிரல் அளவு நன்றாக வேகவைத்து மசித்துச் சோற்றில் சேருங்கள். அதிலுள்ள இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும். நாட்டுக்கோழி முட்டையை மஞ்சள், வெள்ளை இரண்டும் முழுசாக வேகவைத்துக் கொடுக்கலாம். முட்டையை எல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு அந்தக் காசில் பிஸ்கட் பாக்கெட் வாங்கிவருவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று நேரடியாகவே சொல்கிறேன். சிலருக்கு வருத்தம் வரலாம். செவிலியர் வீட்டுக்குக் கொண்டுவருகிற இரும்புச்சத்து மருந்தை, "நாங்க இயற்கை, இதெல்லாம் வேண்டாம்" என்று திருப்பி அனுப்பாதீர்கள். ஆறு மாசத்துக்கு மேல் வாரம் இரண்டு தடவை 1 மில்லி என்பது அரசுத் திட்டம். அதில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அந்த அளவைச் சின்ன வயிற்றுக்குள் கீரையாக அனுப்ப முடியாது. ரத்தசோகை வந்துவிட்ட பிள்ளைக்கு டாக்டர் சொல்கிற அளவு வேறு. மண்ணில் துத்தநாகப் பற்றாக்குறை வந்தால் பயிரை வெறும் தொழுஉரம் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போமா?

இயற்கைதான், ஆனாலும் பாப்பாவுக்கு வேண்டாம்

தேன். மலைத்தேனாக இருந்தாலும், நீங்களே பெட்டி வைத்து எடுத்ததாக இருந்தாலும், ஒரு வயசு முடியும்வரை நாக்கில்கூடத் தடவக் கூடாது. தேனில் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர் குடலில் அது முளைக்காது. குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். கைகால் தளர்ந்து மூச்சுத் திணறல்வரை போகும். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. பிறந்ததும் சேனை வைக்கிற வழக்கத்தில் தேன் சேர்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

பசும்பால். நாட்டுமாட்டுப் பால் என்றால் நமக்கு ஒரு பெருமை. ஆனாலும் ஒரு வயசுக்கு முன் தாய்ப்பாலுக்குப் பதிலாக டம்ளர் டம்ளராகக் கொடுக்கக் கூடாது. அதில் இரும்பு கிடையாது என்றே சொல்லலாம். சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தக்கசிவும் உண்டாகும். காய்ச்சின பால் கொஞ்சம் கஞ்சியில் சேர்ப்பதும், வீட்டுத் தயிர் கொடுப்பதும் தப்பில்லை. கறந்த சூட்டோடு பச்சைப்பால் எப்போதும் வேண்டாம்.

உப்பும் இனிப்பும் ஒரு வயசுவரை தேவையில்லை. கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் இனிப்புதான். நமக்குச் சப்பென்று இருப்பது குழந்தைக்குச் சப்பென்று இருக்காது.

நிலக்கடலை கொடுக்கலாம், அரைத்து விழுதாகத்தான். சீக்கிரமே கொடுத்துப் பழக்கினால் கடலை ஒவ்வாமை குறைகிறது என்று லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டியது. குடும்பத்தில் ஒவ்வாமை இருந்தால், இல்லை பிள்ளைக்குக் கரப்பான் கடுமையாக இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். முழுக்கடலை, திராட்சை, பட்டாணி, கேரட் துண்டு எதையும் முழுசாகக் கையில் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழலில் அடைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் இருக்காது.

காட்டிலும் களத்திலும் கவனிக்கவேண்டியது

பெரியவரைவிடக் குழந்தை தன் எடைக்குக் கணக்குப் பார்த்தால் அதிகம் சாப்பிடுகிறது. அதனால் அதே மீதி நஞ்சு குழந்தைக்கு அதிகமாகப் போகிறது. இதை 1993இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு அறிக்கையாகவே போட்டது. 1996இல் அங்கே சட்டம் மாறி, குழந்தைகளுக்காகப் பத்து மடங்கு கூடுதல் பாதுகாப்பு சேர்த்தார்கள். ஐரோப்பாவில் குழந்தை உணவில் பொதுவாக ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் பூச்சிமருந்து இருக்கக் கூடாது. நாம் பண்ணுகிற விவசாயத்துக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. பக்கத்துக் காட்டில் பருத்திக்கு மருந்தடித்தால், அந்த வரப்போரத்துக் கதிரைத் தனியாக அறுத்து வையுங்கள். அது பாப்பாவுக்கு வேண்டாம்.

ஆனால் ரசாயனம் மட்டுமே நஞ்சு இல்லை. பூஞ்சண நஞ்சும் இருக்கிறது. நிலக்கடலை காய் பிடிக்கிற நேரத்தில் வறட்சி வந்தாலும், பிடுங்கினபின் ஈரத்தோடு குவித்தாலும் அஃப்ளடாக்ஸின் வரும். வறுத்தாலும் அவித்தாலும் முழுக்கப் போகாது. காயைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வருகிறவரை காயவைத்து, சுருங்கினது, நிறம் மாறினது, பூஞ்சணம் பிடித்தது எல்லாம் பொறுக்கி எறிந்தபிறகுதான் குழந்தைக்கு எடுக்கணும். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தில் பாந்தவ்கர் காட்டில் பூஞ்சண நஞ்சேறிய வரகைத் தின்று பத்து யானைகள் செத்தன. வரகு மயக்கம் என்று நம்ம பெரியவர்கள் சொன்னது அதைத்தான். அறுவடையில் மழையில் நனைந்த எந்தத் தானியமும், அது வரகானாலும் சோளமானாலும், குழந்தைப் பானைக்குள் போகக் கூடாது.

சேமிப்பில் நொச்சி இலை, வேப்பிலை போதும். கேழ்வரகு நன்றாகக் காய்ந்திருந்தால் வருஷக்கணக்கில் பூச்சி விழாது. புகைபோடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. பஞ்சகவ்யா, அமுதக்கரைசல் தெளித்த கீரையை உடனே பறிக்காதீர்கள். சாணத்துக் கிருமி இலையில் ஒட்டியிருக்கும். பாப்பாவுக்கான கீரைப் பாத்திக்கு அவற்றை இலையில் தெளிக்காமல் பாசனத் தண்ணியில் வேருக்கு விடுங்கள். பறித்ததை ஓடுகிற தண்ணியில் அலசி நன்றாக வேகவைக்கணும்.

எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு தனிச் சேதி. இங்கே பல ஊர் ஆழ்குழாய்த் தண்ணியில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் காவி, எலும்பு வளைவு எல்லாம் அதனால்தான். காய்ச்சினால் போகாது, தண்ணி வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். பாப்பாவின் கஞ்சிக்கும் குடிக்கவும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்க் குழாய்த் தண்ணியைப் பிடித்துக் காய்ச்சி வையுங்கள். இல்லையென்றால் மழைத்தண்ணி சேமிப்பு.

எவ்வளவு, எப்படி

தலை நிற்கணும், பிடித்துக்கொண்டால் உட்காரணும், தட்டைப் பார்த்துக் கை நீட்டணும். அப்போது குழந்தை தயார். முதலில் இரண்டு மூணு ஸ்பூன், நாளைக்கு இரண்டு தடவை. எட்டு மாசத்துக்குள் 250 மில்லி கிண்ணத்தில் பாதி, மூணு தடவை. ஒன்பதிலிருந்து அதே அரைக்கிண்ணம் மூணு நாலு தடவை. ஒரு வயசில் முக்கால் முதல் முழுக்கிண்ணம், வீட்டுச் சாப்பாடு.

மிக்ஸியில் போட்டு மைய அரைப்பதை எட்டு மாசத்தில் நிறுத்திவிடுங்கள். கையால் மசித்துக் கொஞ்சம் கொரகொரப்பாகக் கொடுத்தால்தான் மெல்லப் பழகும். ஒன்பது மாசத்தில் இட்லித் துண்டு, வெந்த பரங்கித் துண்டு, பப்பாளி எல்லாம் தானே எடுத்துத் தின்னட்டும். சட்டை அழுக்காகும், ஆகட்டும். மூக்கைப் பிடித்து ஊட்டாதீர்கள். வாயை மூடித் திரும்பிக்கொண்டால் அரைமணி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். கை கழுவிவிட்டு ஊட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நாம் சாணியும் மண்ணும் தொடுகிற ஆட்கள்.

காய்ச்சலோ பேதியோ வந்தால் சாப்பாட்டை நிறுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். குணமானபின் இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்கணும். மாசாமாசம் அங்கன்வாடியில் எடை போடுவதை மறக்காதீர்கள். அங்கே கொடுக்கிற இணை உணவு மாவையும் வாங்கிக் கெட்டியாகக் கிளறிக் கொடுக்கலாம். அதில் வெல்லம் இருக்கும், அதனால் ஒரு வேளை போதும்.

அந்தப் பெண் குழந்தை, முளைமாவுக் கூழ், பருப்புக்கீரைச் சோறு, முட்டை, டாக்டர் கொடுத்த மருந்து எல்லாம் சேர்த்து இரண்டரை மாசத்தில் 7 கிலோ 400க்கு வந்தது. வீட்டில் புதுசாக வாங்கினது என்று பார்த்தால் எலுமிச்சை மட்டும்தான்.

பாப்பாவுக்கு எத்தனை சென்ட்?

கூட்டத்தில் எல்லோரும் ஆர்வமாகக் கேட்பது இதைத்தான். ஆறு மாசத்திலிருந்து ஒரு வயசுவரை நாளைக்கு 50 கிராம் கேழ்வரகு என்றால் 180 நாளைக்கு 9 கிலோ. பயறு நாளைக்கு 20 கிராம் என்றால் 3 கிலோ 600. எங்கள் மானாவாரியில் கேழ்வரகு ஏக்கருக்கு 600 முதல் 700 கிலோ வருகிறது, அதாவது சென்ட்டுக்கு ஆறு ஏழு கிலோ. ஒன்றரை சென்ட் போதும். பாசிப்பயறு சென்ட்டுக்கு இரண்டு கிலோ என்று வைத்தால் அதற்கு இரண்டு சென்ட். மொத்தம் மூணரை சென்ட். வாசலில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, இரண்டு வாழை, குப்பைமேட்டில் பரங்கி, நாலு கோழி. இதற்கு வேலி, பட்ஜெட் எதுவும் தேவையில்லை. ஆனால் அறுத்த அன்றைக்கே அந்த மூணரை சென்ட் விளைச்சலைத் தனிப் பானையில் கட்டி வைத்துவிடணும். வியாபாரி வந்து நின்றால் அதுவும் மூட்டையோடு போய்விடும். போன வருஷம் எங்கள் குழுவில் இரண்டு வீட்டில் அப்படித்தான் போயிற்று.

ஆடியில் நாற்று விட்டு நட்ட கேழ்வரகு ஐப்பசிக் கடைசி, கார்த்திகையில் வீட்டுக்கு வரும். வைகாசியில் பிறக்கிற குழந்தைக்கு அப்போது ஆறு மாசம் முடியும். தையில், மாசியில் பிறக்கிற குழந்தைக்குப் போன வருஷத்துக் கேழ்வரகு இருக்கணும், ஆகவே வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்ததுமே பானையைப் பாருங்கள். பயறு மட்டும் அந்தந்தப் பருவத்துப் புதுசாக இருந்தால் முளைப்பு நன்றாக வரும். எங்கள் பக்கம் மழை பிந்துகிற வருஷத்தில் ஆவணி முதல் வாரம்வரை நாற்று நடுகிறோம்.